கல்லுக்குப் போட்ட ஸ்வெட்டர்

"கல்லுக்கு எதற்கு ஸ்வெட்டர்?"

என்னை இப்படிக் கேட்டவள் பக்கத்து வீட்டு வங்காளி தீதி. ஹிந்தியில்தான் கேட்டாள். எங்கள் தீவின் ஷாதிபூரில் தமிழும் வங்காளியும் தெலுங்கும் அவரவர் வீட்டுக்குள்தான். வேலியைத் தாண்டினால் எல்லோருக்கும் ஹிந்தி. குழாயில் தண்ணீர் வருமா வராதா என்று குடத்தோடு நின்றுகொண்டிருந்தோம். சித்திரை மாத வெயிலில் தகரக் கூரைகள் பொரிந்துகொண்டிருந்தன. தீதி கையை நீட்டி, குவார்ட்டர்ஸ் வரிசைக்குப் பின்னால் இருந்த புடலம் பந்தலைக் காட்டினாள். பந்தலிலிருந்து நீளநீளமாகப் புடலங்காய்கள் தொங்கின. ஒவ்வொரு காயின் நுனியிலும் ஒரு கல். ஒவ்வொரு கல்லுக்கும் பாசிப்பச்சைக் கம்பளியில் ஒரு ஸ்வெட்டர். முதலில் ஏதோ புதுப் பழம் என்று நினைத்தாளாம். அருகே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"ஹமாரா ரிவாஜ்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். எங்கள் வழக்கமாம். காய்க்குக் கல் கட்டுவதுதான் வழக்கம். கல்லுக்கு ஸ்வெட்டர் போட்ட தமிழர்கள் அதற்கு முன்னால் எங்கும் இருந்திருக்க முடியாது.

இது போன வருஷம், 1972-இல் நடந்தது. இப்போது அபர்தீன் பஜாரில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் உலவுகிறது. அது தப்பான பதில். நான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, மேலே படிக்க வைப்பதா வேண்டாமா என்று அப்பா யோசித்து முடிப்பதற்காகக் காத்திருப்பவள். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. ஆகவே சரியான பதிலை எழுதி வைக்கிறேன்.

பந்தலுக்குச் சொந்தக்காரி மரகதக்கா. மரைன் டிபார்ட்மென்ட் ஒர்க்‌ஷாப்பில் கலாசியாக, எடுபிடித் தொழிலாளியாக, இருக்கும் பழனிசாமியின் மனைவி. அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண். கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கியதும் தகரப் பெட்டியைத் திறக்க மறுத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாளாம். இதெல்லாம் ஒரு ஊரா, சுற்றிக் கடலும் காடும், கடையில் அழுகின வெங்காயமும், மனுஷன் இருப்பானா என்று பழனிசாமியைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். அவர் சாதுவான மனிதர். கெஞ்சியிருக்கிறார். கடைசியில் அக்கா ஒரு பந்தயம் வைத்தாள். ஊரிலிருந்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்த புடலை விதையை இந்த மண்ணில் போடுவாள். ஒரே ஒரு காய் காய்த்தாலும் இங்கேயே இருப்பாள். காய்க்காவிட்டால் அடுத்த கப்பலில் அவளை மெயின்லேண்டுக்கு ஏற்றிவிட்டுவிட வேண்டும்.

ஜெயிக்க வேண்டும் என்பதற்காக, வரிசையிலேயே மோசமான இடமாகப் பார்த்து, சாக்கடைக்கு அந்தப் பக்கம் கல்லும் சிப்பியுமாக இருந்த மேட்டில் விதையைப் போட்டாள். கொடி ஏறியது. பூத்தது. கூரையைத் தொடுகிற அளவுக்குக் காய்த்தது. அன்றைக்குத் தோற்றவள் பதின்மூன்று வருஷமாக அந்தக் கொடியின் மேல் கோபமாகவே இருந்தாள். பாத்திரம் கழுவின தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றும்போது, "குடி, சனியனே" என்றுதான் ஊற்றுவாள். ஆனால் ஒரு வருஷமும் விதை போடாமல் இருந்ததில்லை.

மரகதக்காவைப் பற்றி நல்லவிதமாக எழுத வேண்டும் என்று எனக்கு ஆசைதான். அதற்கு அவள் இடம் கொடுக்க வேண்டுமே. யாருக்கும் இலவசமாக ஒரு காய் கொடுக்க மாட்டாள். நேரான காய்களை எல்லாம் பஜாரில் உதுமான் பாய் கடைக்குப் போட்டுவிடுவாள். கோணல் காய் ஏதாவது தப்பிப் பிறந்தால் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வருவாள். "கோணக் காய்தான். உங்க வீட்டுக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பாள். அம்மா வாங்கிக்கொள்ளவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நிற்பாள்.

கல் கட்டுவது எதற்கென்றால், புடலங்காய் விரல் நீளம் வந்ததும் நுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டிவிட வேண்டும். அதன் கனத்தில் காய் நேராக இறங்கும். காய் வளர வளரக் கல்லையும் பெரிதாக்க வேண்டும். கட்டாவிட்டால் சுருண்டுகொள்ளும். சுருண்ட காயைத் தமிழ்க்காரர்கள் வாங்க மாட்டார்கள். எப்படியும் நறுக்கிப் பருப்போடு வேகவைக்கப் போகிற சாமானுக்கு இந்த நேர்மை எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வங்காளிகள் கோணலாகவே வாங்கிப்போய்ச் சாப்பிட்டுவிட்டுச் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

இனி ஸ்வெட்டர் கதை.

எங்கள் வரிசையின் முதல் வீடு ஹெட்கிளார்க் பாலசுப்பிரமணியத்துடையது. அவர் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி மங்கையர்க்கரசி பேசுவார். அதற்கு முந்தின டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்தபோது, எல்லையில் பனியில் நிற்கும் ஜவான்களுக்கு எங்கள் வரிசைப் பெண்கள் ஸ்வெட்டர் பின்னிக் கொடுப்பது என்று அவர் முடிவு செய்தார். கம்பளி நூலுக்கு மெட்ராஸுக்கு எழுதிப் போட்டார். சண்டை இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. நூல் மார்ச் மாதம்தான் கப்பலில் வந்து சேர்ந்தது.

நான் அதைச் சொல்லிக் காட்டினேன். "சண்டை முடிஞ்சா இமயமலையில குளிரும் முடிஞ்சுடுமா?" என்று கேட்டார். அவர் சொன்னதில் நியாயமாக இருந்த ஒரே பேச்சு அதுதான் என்பதால் மறக்காமல் இங்கே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணுக்கு வேறென்ன வேலை என்று அம்மா என்னையும் அனுப்பிவிட்டாள். ஹெட்கிளார்க் வீட்டுப் பின்வராந்தாவில் தினமும் மதியம் கூடுவோம். பங்குனி வெயில். காற்று அசையாது. மடியில் கம்பளியை வைத்துக்கொண்டு, கழுத்திலிருந்து வியர்வை ஓட, பவுடர் பூசிய முகங்களெல்லாம் கோடு கோடாகக் கரைய, பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டே பின்னினோம். எங்களில் ஒருத்தியும் பனியைப் பார்த்ததில்லை. அதிகம் போனால் ஐஸ் ஃபாக்டரி வாசலைப் பார்த்திருப்போம். பின்னத் தெரிந்தவளும் யாரும் இல்லை. மங்கையர்க்கரசிக்குக் கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சத்தைக் கேள்வி கேட்காமல் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு பாகம் பிரித்துக் கொடுத்தார். ஒருத்திக்கு முதுகு, ஒருத்திக்கு மார்பு, ஒருத்திக்குக் கை. பிறகு சேர்த்துத் தைத்தபோது ஒரு ஸ்வெட்டருக்கு முதுகு ஒரு மனிதனுடையதாகவும் மார்பு அவன் தம்பியுடையதாகவும் இருந்தது. அப்படிப்பட்ட ஸ்வெட்டர்கள் பதினொன்று தயாராயின.

மரகதக்காவுக்கு வந்தது ஒரு ஜோடிக் கை. அவள் வராந்தாவுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நூலை வாங்கிக்கொண்டு போய்ப் பந்தலுக்கடியில் உட்கார்ந்து, கொடியையும் நூலையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே பின்னினாள். எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நூல் தீரும் வரைக்கும் பின்னிக்கொண்டே போயிருக்கிறாள். கொண்டுவந்து கொடுத்தபோது மங்கையர்க்கரசி ஒரு கையைத் தூக்கிப் பிடித்தார். மற்ற முனை தரையில் கிடந்தது.

"இது கையா, யானைத் தும்பிக்கையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

"பனியில கைய நீட்டித் துப்பாக்கி புடிக்கணும்ல. நீளமாத்தான் இருக்கும்" என்றாள் மரகதக்கா.

"அப்படியொரு ஜவான் இருந்தா அனுப்பு, பார்க்கலாம். இந்தா, நீயே வச்சுக்கோ" என்று மங்கையர்க்கரசி இரண்டு கைகளையும் அவள் மேல் எறிந்தார்.

அக்கா ஒன்றும் சொல்லாமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனாலே ஏதோ வரப் போகிறது என்று வரிசைக்குத் தெரியும்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் கொஞ்சம் காற்று அடித்தது. ஹெட்கிளார்க் பனியன் உலர்த்தப் பின்பக்கம் போனார். பந்தல் ஓரத்தில் நீளமான காய் ஒன்று, நுனியில் கட்டிய கல்லோடு ஊஞ்சலாடி வந்து அவர் நெற்றியில் இடித்தது. எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிப் போயிற்று. அவர் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. மங்கையர்க்கரசி ஓவர்சியரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஓவர்சியர் ஜெகநாதன் மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கக்கத்தில் குடையோடு வருவார். குவார்ட்டர்ஸில் ஒரு தகரம் ஒழுகினால் மூன்று மாதம் வர மாட்டார். ஹெட்கிளார்க் நெற்றி வீங்கினால் அரை மணியில் வருவார். பந்தலைச் சுற்றி வந்து, கல்லை அவிழ்த்துவிடச் சொன்னார். அவிழ்த்தால் காய் சுருண்டுகொள்ளும் என்றாள் மரகதக்கா.

"சுருண்டா என்னம்மா? குழம்புல போட்டா தெரியவா போகுது?"

"நீங்க வேட்டிய முழங்காலுக்கு மேல சுருட்டிக் கட்டிக்கிட்டு ஆபீசுக்குப் போங்களேன். மேஜைக்கு அடியில யாருக்குத் தெரியப் போகுது?"

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். ஜெகநாதனுக்கு முகம் கறுத்தது. இது கவர்மென்ட் நிலம், கல் மட்டும் இல்லை, பந்தலே இருக்கக் கூடாது, பிரித்துவிடு என்றார்.

"பிரிங்க" என்றாள் அக்கா. "நல்லாப் பிரிங்க. பிரிச்ச அன்னிக்கே நான் கப்பல் ஏறிருவேன். எனக்கும் ஒரு சாக்கு வேணும்ல."

ஜெகநாதன் அதை வாய்த்துடுக்கு என்று நினைத்தார். பழனிசாமி அப்படி நினைக்கவில்லை. வாசலில் நின்றிருந்த அவருடைய முகத்தைப் பார்த்தேன். காய் காய்த்தால் இருப்பது, காய்க்காவிட்டால் போவது என்பது அந்த வீட்டில் விளையாட்டுப் பேச்சு இல்லை. அன்று சாயங்காலமே கட்டிலுக்கடியில் கிடந்த தகரப் பெட்டி வெளியே வந்தது. அக்கா அதைத் துடைத்து வாசற்படிக்குப் பக்கத்தில் வைத்தாள். போகிறவர் வருகிறவர் எல்லோர் கண்ணிலும் படும்படி.

பழனிசாமி ஓவர்சியர் வீட்டுக்குப் போய் நின்றிருக்கிறார். எப்படிக் கெஞ்சினாரோ தெரியாது. ஒரு சமாதானத்தோடு திரும்பி வந்தார். சித்திரைக் கடைசியில் பெரிய ஆபீசர் ஒருவரின் சம்சாரம் ஸ்வெட்டர்களை வாங்கிக்கொள்ள நேரில் வரப் போகிறார். டில்லிக்கார அம்மா. அதுவரைக்கும் பந்தல் இருக்கலாம். யார் தலையிலும் பட்டுக் காயமாகாதபடி கற்களைத் துணியால் சுற்றிவிட வேண்டும். பிறகு அந்த அம்மா பார்த்துவிட்டு என்ன சொல்கிறாரோ அப்படி. பதின்மூன்று வருஷத்துப் பந்தலின் ஆயுசு, புடலங்காயைக் கண்ணால் கண்டிருப்பாளோ மாட்டாளோ என்று தெரியாத ஒருத்தி கையில் போய்ச் சேர்ந்தது.

கல்லுக்குச் சுற்ற மரகதக்கா நல்ல துணியைக் கிழிப்பாளா? அந்தத் தும்பிக்கைகள் இரண்டையும் பிரித்தாள். பிரித்த நூலில் சின்னச் சின்னப் பைகளாகப் பின்னி ஒவ்வொரு கல்லுக்கும் மாட்டினாள். சிலதற்குக் கழுத்துப்பட்டியும் வைத்தாள். வேண்டுமென்றேதான் வைத்தாள். அந்தச் சித்திரையில் ஷாதிபூரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றவை அந்தக் கற்கள் மட்டும்தான். வங்காளி தீதி என்னைக் கேட்டது அப்போது.

மங்கையர்க்கரசி பின்வராந்தாவிலிருந்து பார்த்தார். இறங்கி ஓடி வந்தார்.

"ஜவானுக்கு வந்த நூல்ல கல்லுக்குச் சட்டை போட்டிருக்கியே, உனக்கு வெட்கமா இல்லை?"

"நீங்கதானே வச்சுக்கோன்னு எறிஞ்சீங்க. ஓவர்சியரு சுத்தச் சொன்னாரு. ரெண்டு பேரு சொன்னதையும் கேட்டுருக்கேன். இன்னும் என்ன செய்யணும்?"

இப்படியே அந்த அம்மா வந்து பார்க்கட்டும், அன்றோடு பந்தல் ஒழிந்தது என்று மங்கையர்க்கரசி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அம்மா வருவதாக இருந்த நாளன்று காலையில் வானம் ஈயம் பூசியது மாதிரி இருந்தது. அப்பா துறைமுக ஆபீசில் வேலை பார்க்கிறார். போர்ட்டில் புயல் கொடி ஏற்றிவிட்டார்கள் என்று மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது சொன்னார். இந்தத் தீவில் சித்திரைக் கடைசி என்றால் இதுதான். மழைக்காலம் ஒழுங்காக வருவதற்கு முன்னால் ஒரு முரட்டுக் காற்று வந்து கூரைகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போகும். நான் ஓடிப்போய் மங்கையர்க்கரசியிடம் சொன்னேன். அவர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, இரண்டு வீட்டுக்கு நடுவே கயிறு கட்டிப் பதினொரு ஸ்வெட்டர்களையும் வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். வருகிறவர் இறங்கியதும் கண்ணில் பட வேண்டுமாம். ஓவர்சியர் ஜெகநாதன் வராந்தாவில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

"கொடி கப்பலுக்கும்மா. நமக்கில்லை" என்றார் மங்கையர்க்கரசி.

ஆபீசர் சம்சாரம் வரவில்லை. காற்றுதான் வந்தது.

தென்மேற்கிலிருந்து முதல் வீச்சு. எங்கேயோ ஒரு தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. கயிறு அறுந்தது. பதினொரு ஸ்வெட்டர்களும் கைகளை விரித்துக்கொண்டு கிளம்பின. ஜவான்கள் யாரும் உள்ளே இல்லாத குறைதான். பறந்துபோய்ப் புடலம் பந்தலின் மூங்கில்களிலும் கொடியிலும் மாட்டிக்கொண்டன. பந்தல் மட்டும் அங்கே இல்லாவிட்டால் அதற்கு அப்பால் சரிவு. சரிவுக்குக் கீழே கடல்.

பிறகு மழை. இதைக் கவனமாகப் படியுங்கள். கல்லுக்குப் போட்ட கம்பளி, மழையை ஒரு சொட்டு விடாமல் குடித்தது. கல் இரண்டு மடங்கு கனத்தது. வெறும் கல்லாக இருந்திருந்தால் காய் ஆடிக்கொண்டாவது இருந்திருக்கும். இப்போது காற்று ஒரு பக்கம் இழுக்க, நனைந்த கல் கீழே இழுக்க, காய்கள் ஒவ்வொன்றாகச் சடக் சடக்கென்று முறிந்தன. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மழை பிடித்துக் கொஞ்ச நேரத்துக்குள் பந்தலில் ஒரு காய் இல்லை. கற்களெல்லாம் ஸ்வெட்டரோடு சேற்றில் கிடந்தன.

கனமெல்லாம் போனதும் காற்று அடியில் புகுந்து பந்தலை ஒரு கூடையைத் தூக்குகிற மாதிரி தூக்க ஆரம்பித்தது. அப்போதுதான் மரகதக்காவைப் பார்த்தேன். பந்தல் போனால் போகட்டும் என்று வாசலில் பெட்டியை எடுத்து வைத்திருந்தவள், மூலைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் மண்ணிலிருந்து எழும்பியது. அவளும் கூடவே எழும்பினாள்.

அம்மா கத்தக் கத்த நான் ஓடிப்போய் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டேன். மங்கையர்க்கரசியும் வந்தார். ஆனால் கைகளை உயர்த்தி ஸ்வெட்டர்களை இழுக்கப் பார்த்தார்.

"மேல கை வைக்காதீங்க. காலைப் புடிங்க" என்றாள் மரகதக்கா.

"யார் காலை?"

"பந்தக்காலைத்தான். என் காலையா புடிக்கச் சொல்லுவேன்? இது போனா உங்க ஸ்வெட்டரும் சேர்ந்து கடலுக்குத்தான்."

மங்கையர்க்கரசி பட்டுப்புடவையோடு மூன்றாவது காலைக் கட்டிக்கொண்டார். அவர் பிடித்த பிறகும் ஒருவரை ஒருவர் திட்டுவதை இருவரும் நிறுத்தவில்லை. ஒருத்தி கல்லைச் சொன்னாள், ஒருத்தி கயிற்றைச் சொன்னாள். பழனிசாமி வேலைக்குப் போயிருந்தார்; நான்காவது கால் ஆடிக்கொண்டே இருந்தது. அதற்கு வந்தவர் ஹெட்கிளார்க். நெற்றியில் இன்னும் பிளாஸ்திரி இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் வந்து பிடித்துக்கொண்டார். ஓவர்சியர் ஜெகநாதன் வராந்தாவில் நின்று குடையை ஆட்டி ஆட்டி எங்களுக்கு ஏதோ உத்தரவு கொடுத்தார். காற்றின் புண்ணியத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

காற்று ஓய்ந்தபோது பந்தல் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. ஆனால் நின்றது. இலை பாதி போயிருந்தது. கைகள் மரத்துப்போய் என்னால் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. மரகதக்கா குனிந்து சேற்றிலிருந்து கற்களைப் பொறுக்கினாள். ஸ்வெட்டர்களைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பிழிந்தாள். நான் கேட்டேன். பந்தல் போனால் கப்பல் ஏறுவேன் என்று சொன்னவள்தானே அக்கா, காற்று தூக்கிக்கொண்டு போகட்டும் என்று விட்டிருக்கலாமே.

"போறதுன்னா நானாப் போவேன்" என்றாள். "என்னை ஏத்தி விடறதுக்குக் காத்து யாருடி?"

இரண்டு நாள் கழித்து ஆபீசர் சம்சாரம் ஜீப்பில் வந்தார். கொடியின் பிசுக்கும் கிழிந்த இலையும் ஒட்டியிருந்த ஸ்வெட்டர்களைத் துவைத்து உலர்த்தி வைத்திருந்தோம். கூடவே புயல் கதையும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னவர் ஓவர்சியர் ஜெகநாதன். காலைப் பிடித்த நான்கு பேரும் பக்கத்திலேயே நிற்கும்போது, ஹிந்தியில், ஒரு கூச்சமும் இல்லாமல் சொன்னார். புயல் வரும் என்று அவருக்கு முன்பே தெரியுமாம். அதனால் காய்களில் கனமான கற்களைக் கட்டச் சொன்னாராம். மழைத் தண்ணீரை இழுத்துக் கனம் கூடட்டும் என்று கம்பளி போட வைத்தாராம். அந்தக் கனத்தில்தான் பந்தல் பறக்காமல் நின்றதாம். பந்தல் நின்றதால்தான் ஜவான்களின் ஸ்வெட்டர்கள் பிழைத்தனவாம். அந்த அம்மா, எத்தனை உபயோகமான பந்தல், இதை எடுத்துவிடாதீர்கள் என்றார். ஜெகநாதன் தலையை ஆட்டினார்.

மங்கையர்க்கரசி வாயைத் திறக்கவில்லை. கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டது யார் என்று யாரும் கேட்காதது அவருக்குச் சௌகரியமாக இருந்தது. ஹெட்கிளார்க் எப்போதும் போல. நான் மரகதக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஹிந்தி நன்றாகப் புரியும். ஓவர்சியரை நேராகப் பார்த்து வாயைத் திறந்தாள். அவள் பின்னால் நின்றிருந்த பழனிசாமி எதுவும் செய்யவில்லை, மூச்சை மட்டும் நிறுத்திவிட்டார். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

அவள் வாய்க்கு வந்த வார்த்தையை விழுங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். உண்மையைச் சொல்லியிருந்தால் ஓவர்சியர் பொய்யன் ஆவார். பொய்யன் ஆன ஓவர்சியர் மறுநாளே பந்தலைப் பிரிப்பார். விழுங்கினாள். ஜீப் போன பிறகு வீட்டுக்குள் போய்ப் பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டே கட்டிலுக்கடியில் சேர்த்தாள். "இந்தச் சனியன் புடிச்ச ஊருல இன்னும் எத்தனை வருசமோ" என்றாள். பழனிசாமி மூங்கில் வெட்டப் போய்விட்டார்.

பந்தக்காலைக் கட்டிப் பிடித்து நின்றதில் இரண்டு பெண்களும் சிநேகிதமாகிவிட்டார்கள் என்று நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. இன்றைக்குக் காலையிலும் குழாயடியில் சண்டை.

ஜெகநாதன் சொன்ன கதை பஜாருக்குப் போய்விட்டது. உதுமான் பாய் கடையில் சாமான் வாங்குகிறவர்கள், கல்லுக்கு ஸ்வெட்டர் போட்டுப் புயலை ஜெயித்த கெட்டிக்கார ஓவர்சியரைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அதைவிடக் கொடுமை, சௌல்தாரிக் கிராமத்தில் ஒரு தோட்டக்காரர் அதைக் கேட்டுவிட்டு இந்தச் சித்திரைக்குத் தன் பந்தலில் கல்லுக்குக் கம்பளி சுற்றியிருக்கிறாராம். முதல் மழையில் அவர் காய்களெல்லாம் போகும். போகும்போது யாரை நொந்துகொள்வார்?

மரகதக்கா வாயை மூடியதற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஜெகநாதன் போன மாதம், கப்பலேறிப் போக வேண்டிய ரங்கத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். புது ஓவர்சியர் வங்காளி. பந்தலைப் பார்த்தார், கோணக் காய் இருந்தால் தனக்குக் கொடுக்கும்படி கேட்டார், போய்விட்டார். பந்தலுக்கு இனி ஆபத்தில்லை. தீதியிடமும் வேலியோரத்தில் நின்று முழுக் கதையையும் ஹிந்தியில் சொல்லிவிட்டேன். சிரித்துவிட்டு, அடுத்த வீட்டுத் தெலுங்குக்கார அம்மாவைக் கூப்பிட்டு அவளிடம் சொல்லப் போய்விட்டாள்.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ரங்கத் போகிற கப்பலிலோ, பஜாரிலோ, உங்கள் வீட்டுக் கொல்லையிலோ யாராவது அந்த ஓவர்சியர் கதையை எடுத்தால், நடுவில் நிறுத்தி இதைச் சொல்லுங்கள். கம்பளி காய்களைக் கொன்றது. பந்தலைக் காப்பாற்றியது, அதைத் திட்டிக்கொண்டே பதின்மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றிய ஒருத்தி. அவள் பெயர் மரகதம். பெயரையும் விடாமல் சொல்லுங்கள்.